மலையேறிய காவல்

காக்கியின் கதை: பகுதி 9

சென்ற பகுதியைத் திண்டுக்கல் கோட்டையடியில் நிறுத்தினோம். இந்த வாரம் மலையேறுகிறோம். கொடைக்கானல் போலீஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஏரிக்கரையில்தான் தொடங்குவார்கள். வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், பங்களா கட்டினார்கள், ஊர் வந்தது, ஊரோடு ஸ்டேஷனும் வந்தது என்று கதை போகும். நான் வடகவுஞ்சியில் தொடங்குகிறேன்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை, பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு சேர்வதற்கு முன் கடந்து வருகிற மலையூர் வடகவுஞ்சி. காப்பி, மிளகு, மலைவாழை விளையும் பூமி. குன்னுவர், பளியர், புலையர் என்று மலைக்கே உரிய மக்கள் வாழும் வட்டாரம். ஏரிக்கரையை வைத்து எழுதினால் காவல் எப்போது வந்தது என்று மட்டும் தெரியும். யாருக்காக வந்தது, யாருடைய உழைப்பில் நின்றது என்பது இப்படிப்பட்ட ஊர்களை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பாளையத்துக் காவல்

போலீஸ் என்ற சொல் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே காவல் இருந்தது. பாளையக்காரர்கள் காலத்தில் அது இரண்டு அடுக்காக இயங்கியது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் பாளையக்காரர் பொறுப்பேற்றுக் கூலி வாங்குவது திசைக்காவல். அந்தந்த ஊருக்குள் ஊர்க்காவல்காரர் பார்ப்பது தலக்காவல். களவு போனால் காவல்காரர் துப்புத் துலக்கிப் பொருளை மீட்க வேண்டும். மீட்க முடியாவிட்டால் நட்டத்தை ஈடுகட்ட வேண்டும். பொறுப்பேற்றவன் கையிலிருந்தே இழப்பை வசூலிக்கும் இந்த முறையில் அடாவடியும் இருந்தது, பதில் சொல்லும் கடமையும் இருந்தது.

மலையடிவாரத்தில் விருப்பாச்சி, ஆயக்குடி, கன்னிவாடி, பழனி என்று வரிசையாகப் பாளையங்கள். மலைமேல் இருந்த ஊர்களில் அன்றாட அதிகாரம் ஊர்த்தலைவரான மன்னாடியிடம் இருந்தது. வரப்புத் தகராறு, மாடு மேய்ந்த வழக்கு, பெண் கொடுத்து எடுத்ததில் வந்த பிணக்கு எல்லாம் அவர் முன்னால் ஊர் கூடிப் பேசித் தீர்ந்தன.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. விருப்பாச்சி கோபால் நாயக்கர் அதை ஏற்கவில்லை. திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்களை ஒன்று திரட்டி எதிர்த்தார். மலையும் காடும் அவருக்கு அரணாக இருந்தன. 1801இல் பிடிபட்டுத் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் கம்பெனி வெளியிட்ட அறிவிப்பு, பாளையக்காரர்களின் படைக்கலங்களைப் பறித்துக் கோட்டைகளை இடிக்கச் சொன்னது. திசைக்காவல் உரிமையும் அவர்கள் கையை விட்டுப் போனது.

முன்சீப்பும் தலையாரியும்

பாளையக்காரரை அகற்றிவிட்டுக் கம்பெனி அந்த இடத்தில் என்ன வைத்தது? முதலில் வங்காளத்திலிருந்து கொண்டுவந்த தாரோகா முறை. சம்பளத்துக்கு ஒரு தாரோகா, அவருக்குக் கீழே ஒரு தாணா. 1802இல் தொடங்கிய இந்த ஏற்பாடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே தோற்றது. ஊரை அறியாத தாரோகாவிடம் ஊர் எதையும் சொல்லவில்லை. தாமஸ் மன்றோவின் யோசனைப்படி, 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் காவலை மறுபடியும் கிராமத்திடமே கொடுத்தது. கிராம முன்சீப் தலைமை, தலையாரி அவருக்குக் கைகால். இருவருக்கும் மேலே தாசில்தாரும், மாஜிஸ்திரேட் அதிகாரம் பெற்ற கலெக்டரும்.

இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவை மறக்கக் கூடாது. வசவு, சிறு அடிதடி போன்ற குற்றங்களுக்கு முன்சீப் ஒருவரைக் கிராமச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் ‘தாழ்ந்த சாதி’ என்றால் அவரைத் தொழுமரத்தில் 6 மணி நேரம் வரை மாட்டி வைக்கலாம். ஒரே குற்றம், ஆனால் சாதிக்கு ஒரு தண்டனை. இதை ஊர் வழக்கமாக விட்டுவைக்காமல் சட்டப் புத்தகத்திலேயே அச்சிட்டு வைத்தார்கள். பளியரும் புலையரும் சட்டத்தை முதலில் எந்த முகத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை இந்தப் பிரிவே சொல்லிவிடும்.

மலையில் தலையாரியின் வேலை சமவெளித் தலையாரியின் வேலையைவிடப் பல மடங்கு கடினம். ஊரில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார் என்று வையுங்கள். கிராம முன்சீப் யாதாஸ்து எழுதுவார். இறந்தவர் யார், யார் முதலில் பார்த்தது, உடம்பில் என்ன காயம், யார்மேல் சந்தேகம். அதன் ஒரு பிரதி ஸ்டேஷனுக்கு, இன்னொன்று மாஜிஸ்திரேட்டுக்கு. இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டு தலையாரி நடக்க வேண்டும். சோலையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, காட்டுமாடும் யானையும் புழங்கும் தடத்தில் நடந்து சேர வேண்டும். போலீஸ் வந்து பிரேத விசாரணை முடிக்கும் வரை பிணத்துக்குக் காவல் போடுவதும் கிராமத்தின் பொறுப்பு. விசாரணை முடிந்தபின் உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டுமென்றால் டோலி கட்டித் தோளில் சுமக்க வேண்டும். கோர்ட்டில் அந்த யாதாஸ்து ஆவணமாகத் தாக்கலாகும், அதில் முன்சீப்பின் கையெழுத்து இருக்கும். தோளில் சுமந்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாது.

கிட்டியும் அண்ணாந்தாளும்

1816 ஏற்பாட்டில் வரி வசூலிக்கும் கையும் குற்றம் விசாரிக்கும் கையும் ஒன்றாக இருந்தன. விளைவு கொடுமையாக முடிந்தது. வரிப்பாக்கிக்காகவும், களவை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் குடியானவர்களைத் தாசில் சேவகர்கள் வதைக்கிறார்கள் என்ற புகார் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. அதை விசாரிக்க அமைந்த சென்னைச் சித்திரவதை ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. ஆயிரத்தைத் தாண்டிய முறையீடுகள் அதன் முன் குவிந்திருந்தன. இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிக்கும் கிட்டி, தலையைக் குனியவைத்துக் கழுத்தைக் கால்விரலோடு கயிற்றால் இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் என்று தமிழ்ப் பெயர்களோடே வதைகள் அதில் பதிவாயின. 1857இல் கார்ல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்து வைத்து, இந்தியாவில் கம்பெனி ஆட்சி எப்படி நடந்தது என்று உலகுக்குக் காட்டினார்.

அந்த அவமானத்திலிருந்துதான் நாம் இன்று போலீஸ் என்று சொல்லும் அமைப்பு சென்னை மாகாணத்தில் பிறந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் வரியையும் காவலையும் பிரித்தது. மாகாணம் முழுவதற்கும் ஒரே படை, ஒரே தலைமை என்று ஆனது. வில்லியம் ராபின்சன் அதற்குத் தலைமையேற்றார். மாவட்டத்துக்கு ஒரு சூப்பிரண்டெண்ட், அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள், ஸ்டேஷனுக்கு ஓர் ஏட்டு. 1861இல் இந்தியா முழுமைக்கும் போலீஸ் சட்டம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே சென்னைக்குத் தனிச் சட்டம் இருந்தது. ஸ்டேஷன் பொறுப்பு ஏட்டிடமிருந்து சப் இன்ஸ்பெக்டருக்கு மாறியது, 1902–03 ஃபிரேசர் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகுதான்.

வதையை ஒழிக்கத்தான் படை பிறந்தது என்பதைக் காக்கி உடுத்துகிற ஒவ்வொருவரும் பயிற்சியின் முதல் நாளிலேயே படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். லாக்கப் மரணச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும், அந்தப் பிறப்பின் நோக்கமே தோற்றுப்போகிறது.

சீசனுக்கு வந்த ஊர்

1821இல் வார்டு என்ற நில அளவை அதிகாரி பழனி மலையை அளந்தார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் நோய்களுக்குக் குடும்பத்தாரைப் பறிகொடுத்த வேதனையில், மேலே வந்து முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியில் 1863இல் ஓடையை மறித்து ஏரி அமைந்தது. 1875இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. இன்றைய கொடைரோடு ஸ்டேஷன் அதுதான்.

ரயிலை விட்டு இறங்கியவர்கள் மாட்டுவண்டியில் அடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை வருவார்கள். அங்கிருந்து துரைமார் குதிரையில், துரைசாணிகள் நாற்காலியில், குழந்தைகள் டோலியில். பெட்டி, படுக்கை, பீங்கான், பியானோ எல்லாம் கூலியாட்கள் தலையில். மேலே வந்த காவல்காரரும் இதே தடத்தில்தான் ஏறினார். மோட்டார் வண்டி ஏறும்படி லாஸ் காட் சாலை முடிந்தது 1910களின் நடுவில்தான்.

1899இல் கொடைக்கானல் நகராட்சியானது. 1901இல் அதன் மக்கள்தொகை இரண்டாயிரத்தை எட்டவில்லை. ஆனால் ஏப்ரலும் மேயும் வந்தால் ஊர் பல மடங்கு பெருகும். நகரக் காவலின் இயல்பை இந்தச் சீசன்தான் வகுத்தது. ஆளில்லாத மாதங்களில் பூட்டிக் கிடக்கும் பங்களாக்களைப் பார்த்துக்கொள்வது, சீசனில் கூட்டத்தைச் சமாளிப்பது. 1889ஆம் ஆண்டின் சென்னை நகரத் தொல்லைகள் சட்டம் இதற்கு வாகாக இருந்தது. தெருவில் குடித்துவிட்டுக் கூச்சலிடுவது, சூதாடுவது, வழியை மறிப்பது என்று எதற்கும் அதில் இடம் உண்டு. இன்றும் ஸ்டேஷன்களில் ‘பெட்டி கேஸ்’ என்று சொல்லப்படும் வழக்குகளின் மூதாதை அது.

மலையூர்களுக்கோ இன்னொரு சீருடை முதலில் அறிமுகமானது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கியது. கிழங்கு தோண்டுவதும், தேன் எடுப்பதும், விறகு பொறுக்குவதும் திடீரென்று அனுமதி கேட்க வேண்டிய காரியங்களாயின. பளியர் ஒருவர் தன் வாழ்நாளில் போலீஸ்காரரைப் பார்த்ததைவிட ஃபாரஸ்ட் கார்டைப் பார்த்ததே அதிகம்.

கீழே எரிந்த ஊர்கள்

மாவட்டப் படையின் கண் அந்தக் காலத்தில் சமவெளியில்தான் இருந்தது. 1896இல் திண்டுக்கல் வட்டத்தில் கள்ளர் சமூகத்தாரின் ஊர்க்காவலை வேண்டாம் என்று சொல்லி ஒரு கிளர்ச்சி எழுந்தது. அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்றார். ஊர்தோறும் பணம் சேர்த்துத் தங்கள் ஆட்களையே காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் ‘பண்டு’ இயக்கம் பழனி, பெரியகுளம் வட்டங்களுக்கும் பரவியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. பாளையக்காரர் காலத்துக் காவல் முறையை 1801இல் சட்டத்தால் ஒழித்த அரசு, அதன் இடத்தை நிரப்பப் போதிய காவலை ஊர்களுக்குத் தரவில்லை. அந்த வெற்றிடத்தின் விலையை இரு தரப்பு ஏழைகளும் கொடுத்தார்கள்.

அரசு எடுத்த பாடமோ தவறானது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு ஒரு சமூகத்தையே குற்றவாளியாகப் பதிவு செய்து, கைரேகை வாங்கி, இரவில் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் மாண்டார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. மதுரை மாவட்டப் போலீஸின் வரலாற்றில், மக்களை அறிந்துகொள்வதற்குப் பதில் பட்டியல் போட்டு வைக்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

கோஹினூரில் ஒரு கைதி

விடுதலைக்குப் பின், சிறிய மலையூரின் ஸ்டேஷன் ஒரு முறை இந்தியா முழுவதும் கவனித்த பொறுப்பைச் சுமந்தது. 1965 மே 8ஆம் தேதி, ஹஜ் பயணம் முடிந்து டெல்லியில் விமானம் விட்டு இறங்கிய காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா கைது செய்யப்பட்டார். பயணத்தின் நடுவே அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தது டெல்லியைச் சினமூட்டியிருந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அவரை உதகைக்குக் கொண்டுவந்து, பிறகு கொடைக்கானலுக்கு மாற்றினார்கள். கோஹினூர் மாளிகை அவருடைய காவல் இல்லமானது. அந்தச் செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் மூண்டபோதும் அவர் இங்கேதான் இருந்தார். 1967இல் டெல்லிக்கு மாற்றப்பட்டு, 1968 ஜனவரியில் விடுதலையானார்.

சீசன் கூட்டத்துக்கும் பெட்டி கேஸுக்கும் பழகிய ஊருக்கு இது முற்றிலும் புதிய வேலை. பூட்டிய அறையில் இருக்கும் கைதி இல்லை, வீட்டில் இருக்கும் தலைவர். அவர் மேல் நிரூபிக்கப்பட்ட குற்றம் ஏதுமில்லை. பாரா நின்ற காவலருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் எவ்விதத் தீங்கும் நேராமல் மலையிறங்கினார். அந்தக் கடமையைக் கண்ணியமாகச் செய்து முடித்தவர்களைக் கொடைக்கானல் நினைவில் வைத்திருக்க வேண்டும். மாளிகையை இன்றும் ஷேக் அப்துல்லா பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம், பாரா நின்றவர்களைச் சொல்வதில்லை.

முன்சீப் போன பிறகு

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவியை ஒழித்தது. கர்ணமும் முன்சீப்பும் போய்க் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சாதியும் பரம்பரையும் ஆண்ட பதவி ஒழிந்தது நியாயமே, காலத்தின் தேவையும்கூட. ஆனால் மலையூர்களில் அதனோடு இன்னொன்றும் போனது. ஊரில் நடந்ததை அன்றே எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பும் கடமை, ஊரிலேயே குடியிருக்கும் ஒருவரிடம் இருந்தது. அந்த இடத்தில் மலைக்கேற்ற மாற்று ஏற்பாடு வரவில்லை. 1985 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டத் தலைமை அருகே வந்தது, மலையூருக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே இருந்த தூரம் அப்படியே இருந்தது.

2008 ஏப்ரலில் வடகவுஞ்சிக் காடு தலைப்புச் செய்தியானது. அதற்கு முந்தைய ஆண்டு, பெரியகுளத்தை அடுத்த முருகமலையில் மாவோயிஸ்டுகள் ஆயுதப் பயிற்சி எடுத்ததாகச் சிலர் கைதாகியிருந்தனர். அதைத் தொடர்ந்த தேடுதலில் வடகவுஞ்சி வனப்பகுதியில் போலீஸுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்ததாக அறிவிக்கப்பட்டது. நவீன் பிரசாத் என்பவர் கொல்லப்பட்டார். உடனிருந்தவர்கள் தப்பினர் என்று போலீஸ் சொன்னது. மனித உரிமை இயக்கத்தினர் மோதலின் உண்மைத்தன்மையைக் கேள்விக்குட்படுத்தினர். இப்படிப்பட்ட ஒவ்வொரு சாவுக்கும் தனி அமைப்பின் விசாரணையும் மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் 16 நெறிமுறைகளை வகுத்தது. வடகவுஞ்சிக்கு அது ஆறு ஆண்டுகள் தாமதம்.

இரண்டு நூற்றாண்டாகத் தலையாரியின் காலடியிலேயே காவல் நடந்த ஊருக்கு, அரசின் ஆயுதப்படை பெரிய அளவில் வந்தது ஒரு துப்பாக்கிச் சூட்டின் பெயரால். அதன் பின் காட்டுக்குள் போகிற பளியர் இரண்டு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டியவரானார். அவருடைய மாடு காணாமல் போனதற்கும், அவருடைய கூலி ஏமாற்றப்பட்டதற்கும் அதே வேகத்தில் யாரும் வந்ததில்லை.

இன்று

2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகரின் மக்கள்தொகை 36,501. சீசனில் மலையேறும் வண்டிகளைத் தாங்க முடியாமல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. போதைக் காளான் விற்பவரைப் பிடிப்பது, வளைவுகளில் நெரிசலை அவிழ்ப்பது, பள்ளத்தில் விழுந்தவரைத் தேடுவது என்று வேலை வளர்ந்துகொண்டே போகிறது. காவலர் எண்ணிக்கையைச் சீசன் கூட்டத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் படும் பாடு புரியும். மழையிலும் பனிமூட்டத்திலும் பாயிண்டில் நிற்கும் காவலரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை.

அவரையும் மலையூரையும் ஒரே குறைதான் வாட்டுகிறது. சாலையும் பணமும் போன வழியிலேயே காவலும் போனது, அவை போகாத ஊர்களை மலைக்காரர்களின் இலவச உழைப்பிடம் விட்டுவிட்டது. காட்டுக்குள் தேடுதல் என்றால் வழிகாட்டப் பளியர் வேண்டும், பள்ளத்தில் உடல் கிடந்தால் தூக்கிவரப் பளியர் வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வனத்துறை பழங்குடி இளைஞர்களை வைத்திருக்கிறது, அதுவும் சொற்பக் கூலிக்கு. போலீஸ் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. மலையறிந்தவர்களைச் சம்பளத்தோடும் சீருடையோடும் பதவி உயர்வோடும் படையில் சேர்த்து, வடகவுஞ்சி போன்ற ஊர்களுக்கு நடுவே புறக்காவல் நிலையம் வைத்தால், தடயம் பார்க்கவும் தகராறு தீர்க்கவும் ஊரின் மொழி தெரிந்தவர் கிடைப்பார். 1816இல் மன்றோ செய்ய நினைத்ததும் காவலை ஊரிடம் கொடுப்பதுதான். அவர் அதைச் சாதிக்கேற்ற தண்டனையோடு கொடுத்தார். நம் அரசியல் சட்டம் அதைச் சமத்துவத்தோடு கொடுக்கச் சொல்கிறது. அந்தக் கடன் இன்னும் பாக்கி.

அடுத்த பகுதியில் 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, இந்த மலையடிவார ஸ்டேஷன்களை எப்படிப் புரட்டிப்போட்டது என்று பார்ப்போம்.

(தொடரும்)